கலமும் நாவாயும்: சோழர் கடற்படைப் பெயர்ப்பட்டியல் பற்றி ஒரு மறுநோக்கு

அரியலூர் மாவட்டத்துக் கங்கைகொண்ட சோழபுரம் கடலைக் காணாத ஊர். தெற்கே கொள்ளிடம் ஓடுகின்றது. மேற்கே, இராசேந்திரன் சோழகங்கம் எனப் பெயரிட்டு வெட்டுவித்த பேரேரி இன்று பொன்னேரி என்னும் பெயரோடு கிடக்கின்றது. திருவாலங்காட்டுச் செப்பேடு அவ்வேரியை நீராலாகிய வெற்றித்தூண் என்று போற்றும். கடாரம் வரையில் கலம் செலுத்திய மன்னன் தன் தலைநகரைக் கடற்கரையில் அமைக்காது உள்நாட்டில் அமைத்தான் என்பதும், அந்நகரே 1279 வரை சோழர் கோநகராய் நின்றது என்பதும் எண்ணத்தக்கன. ஆயினும் ஈண்டு நாம் ஆராயப் புகுவது நகர் பற்றியதன்று. அம்மன்னன் செலுத்திய கலங்களின் பெயர் பற்றியது.

சில ஆண்டுகளாக ஒரு பட்டியல் நம்மிடையே உலவி வருகின்றது. சோழர் கடற்படையில் தரணி, லூலா, வச்சிரா, திரிசடை என நால்வகைப் போர்க்கப்பல்கள் இருந்தன என்றும், அவை முறையே இக்காலத்து நாசகாரி, கார்வெட், பிரிகேட், பெரும் போர்க்கப்பல் ஆகியவற்றை ஒத்தன என்றும் அப்பட்டியல் கூறும். கணம், கன்னி, சலதளம், மண்டலம் என அணிவகுப்பின் பெயர்களும் உடன் வரும். சில இடங்களில் ஒவ்வோர் அணிக்கும் இத்தனை கப்பல் என்று தொகையும் வரும். கடாரப் படையெடுப்பின் ஆயிரமாவது ஆண்டு நிறைவு 2025-இல் கங்கைகொண்ட சோழபுரத்தில் ஆடித் திருவாதிரையை ஒட்டிக் கொண்டாடப்பட்டபோது இப்பெயர்களைச் செவிமடுக்காதவர் இப்பகுதியில் இலர் எனலாம். மேடைப் பேச்சில் வந்தமை பற்றி எமக்குக் குறையில்லை. முதுகலை மாணவர் ஆய்வேட்டில், அடிக்குறிப்பும் இன்றி, கல்வெட்டுச் சான்று பெற்ற உண்மை போல அது வந்து அமர்ந்தபோதே இக்கட்டுரை எழுதும் தேவை நேர்ந்தது. அவ்வேட்டை எழுதியவர் பெரம்பலூர்ப் பகுதி மாணவர், உழைப்பாளி. ‘இதற்கு மூலம் யாது?’ என்று வினவியபோது, ‘ஐயா, தாங்களே வகுப்பில் கூறினீர்கள்’ என்றார். உண்மைதான். பத்தாண்டுகட்கு முன் கரும்பலகையில் அந்நான்கு பெயரையும் எழுதியவன் யானே. எங்கோ படித்ததை ஆராயாது உரைத்த பிழை எம்முடையது ஆகலின், இம்மறுநோக்கு முதற்கண் எம்மை நோக்கியது என்க.

முதலில் கல்வெட்டு கூறுவதைக் காண்போம். இராசேந்திரனின் கடார வெற்றியை விரித்துரைப்பது அவனுடைய தமிழ் மெய்க்கீர்த்தி. அதில் சீவிசயம், பண்ணை, மலையூர், மாயிருடிங்கம், இலங்காசோகம், மாப்பப்பாளம், மேவிலிம்பங்கம், வளைப்பந்தூறு, தலைத்தக்கோலம், மாதமாலிங்கம், இலாமுரிதேசம், மானக்கவாரம், கடாரம் எனப் பதின்மூன்று இடப்பெயர்கள் அடைமொழிகளோடு அடுக்கப்படுகின்றன. கடாரத்தரசன் சங்கிராம விசயோத்துங்கவர்மன் பெயர் உண்டு. அவனுடைய யானைகள் உண்டு. கவர்ந்த தோரண வாயிலும் மணிக்கதவமும் உண்டு. ஓர் ஊரின் அகழியையும் மற்றோர் ஊரின் காவற்காட்டையும் கூட மறவாது குறித்த அப்புலவன் மரக்கலங்களைப் பற்றிக் கூறுவது ஒன்றே: கடல் நடுவே பல கலங்கள் செலுத்தப்பட்டன என்பது. எத்துணைக் கலம், எவ்வகைக் கலம், அவற்றுள் முன்சென்றது எது, பின்சென்றது எது என்பன பற்றி ஒரு சொல்லும் இல்லை. திருவாலங்காட்டுச் செப்பேட்டின் வடமொழிப் பகுதியும் கடல் கடந்து கடாகத்தை வென்றமையைக் கூறுகிறதேயன்றிக் கலவகை கூறவில்லை. முதலாம் இராசராசன் முந்நீர்ப் பழந்தீவு பன்னீராயிரம் கொண்ட செய்தியும், வீரராசேந்திரன் கடாரம் எறிந்த செய்தியும் இவ்வாறே.

ஆகவே நம்மிடம் எஞ்சுவது ‘கலம்’ என்னும் ஒரு சொல். இச்சொல்லின் பொருளை வரையறுத்தாலன்றி மேற்செல்லல் இயலாது. கலம் என்பது தமிழில் கொள்வது எதுவோ அதற்கெல்லாம் பெயர். உண்ணும் ஏனம் கலம்; அணியும் நகை கலம்; யாழும் கலம்; நெல்லளக்கும் அளவும் கலம்; கடலிற் செல்வதும் கலம். கடலிற் செல்வதைக் குறிக்கும்போதும் அது பொதுப்பெயரோ, ஒரு வகைக்குரிய சிறப்புப்பெயரோ என்பது வினா. இதற்கு விடை தருவது புறநானூற்று 126-ஆம் பாட்டு. மலையமான் திருமுடிக்காரியைப் பாடவந்த மாறோக்கத்து நப்பசலையார், கபிலர் பாடியபின் தாம் பாடுவது எவ்வாறு என்று நாணி ஓர் உவமை கூறுகின்றார். மேலைக்கடலில் பொன் கொணரும் சேரனுடைய மரக்கலங்கள் ஓடிய வழியில் பிறர் மரக்கலம் செல்லமாட்டாது. அதுபோல்வது தம் நிலை என்பது கருத்து. இவ்விடத்துச் சேரனுடையதை நாவாய் என்றும், ஏனையோருடையவற்றைப் பிற கலம் என்றும் அவர் சொற்பெய்துள்ளார். நாவாயை முற்கூறி, அதனோடு ஒத்த மற்றவற்றைச் சுட்டப் ‘பிற’ என்று அடைகொடுத்துக் கலம் என்னும் சொல்லைப் பெய்தமையால், நாவாயும் கலத்துள் அடங்கும் என்பது பெறப்படும். கலம் இனப்பெயர், நாவாய் அதனுள் ஒன்று. நிகண்டுகள் இவ்வேறுபாட்டைக் காவாது, மரக்கலத்தின் பெயர் எனப் பலவற்றையும் ஒருங்கு தொகுத்துவிட்டன. மனப்பாடம் செய்வார்க்கு அது உதவி. பொருள் ஆராய்வார்க்கு அது மறைப்பு.

இப்பாட்டில் மற்றொன்றும் உளது. மேலைக்கடலில் ஓர் அரசன் கலம் ஓடினால் பிறர் கலம் ஓடாது என்பது கடலாட்சியின் இலக்கணமாகவே நிற்கின்றது. பதிற்றுப்பத்து இமயவரம்பனின் கடம்பெறிந்த வெற்றியைப் பாடுகின்றது. செங்குட்டுவனைப் பரணர் கடல் பிறக்கோட்டியவனாகப் பாடினார். அங்கெல்லாம் போர் உண்டு. ஆனால் போர்க்கலத்துக்கெனத் தனிப்பெயர் இல்லை. பொன் கொணர்ந்த நாவாயே பகைக்கலத்தை விலக்கிய நாவாயும் என்றால், வாணிகக் கலம், போர்க்கலம் என்னும் பாகுபாடே அக்காலத்து நாம் கருதுமளவு கூர்மையுற்றிலது என்று கொள்ள இடமுண்டு. வெண்ணிக் குயத்தியார் கரிகாலனின் முன்னோனைக் காற்றை ஏவல் கொண்டு நாவாய் ஓட்டியவன் என்று புகழ்ந்த இடத்தும் (புறம் 66) போர்க்கு ஓட்டினானா, வாணிகத்துக்கு ஓட்டினானா என்னும் குறிப்பில்லை. உரையாசிரியர் வழி நின்று போருக்கே எனத் துணிவார் துணியட்டும். பாட்டின் சொல் அத்துணை இடம் தரவில்லை.

அவ்வாறாயின் பண்டைத் தமிழர் கலங்களை வகைப்படுத்தவே இல்லையா எனின், வகைப்படுத்தினர், நன்றாகவே வகைப்படுத்தினர். ஆனால் அவ்வகை, கலம் செய்யும் தொழிலை ஒட்டியது; செல்லும் நீரின் ஆழத்தை ஒட்டியது. பட்டினப்பாலை ஒன்றையே எடுத்துக்கொள்வோம். உப்பை விற்று நெல்லொடு மீண்ட படகுகளைக் கடியலூர் உருத்திரங்கண்ணனார் பஃறி என்கின்றார். அவை கழிக்கரையில் வரிசையாகக் கட்டப்பட்டமைக்குக் கொட்டிலில் நிற்கும் குதிரைகளை உவமை கூறுகின்றார். அதே பாட்டில், புகார்த் துறையில் அலைமோத அசைந்து நிற்கும் பெருங்கலங்களை நாவாய் என்கின்றார்; அவற்றுக்கு உவமை, கட்டுத்தறியை அசைக்கும் களிறு. கழியில் நிற்பது பஃறி, குதிரை. கடல்துறையில் நிற்பது நாவாய், யானை. அளவும் இடமும் உவமையாலேயே பிரித்துக் காட்டப்பட்டன. இதனினும் தெளிவான வகைப்பாட்டை நாம் எந்நூலிற் காண்போம்? அப்புலவரே பெரும்பாணாற்றுப்படையிலும் நீர்ப்பெயற்றுத் துறையில் வெண்குதிரைகளையும் வடநாட்டுப் பண்டங்களையும் கொணர்ந்தவற்றை நாவாய் என்றே கூறினார். குதிரையை உயிரோடு கடல்மேற் கொணர வேண்டுமாயின் நீரும் தீவனமும் நிற்க இடமும் வேண்டும். நாவாயின் பருமையை இச்செய்தியால் உணரலாம்.

பெருங்கலத்தும் சிறுகலத்தும் இடையே நிகழ்ந்த தொழிற்பங்கீட்டை அறியப் புறநானூற்றின் இரு பாடல்களை அடுத்தடுத்து வைத்துக் காண்டல் வேண்டும். 343-ஆம் பாட்டில் பரணர் முசிறியைக் காட்டுகின்றார். அங்கே மீனை விற்றுப் பெற்ற நெல்லைச் சுமந்து திரிவது அம்பி. கலங்கள் கொணர்ந்த பொன்னைக் கழி வழியே கரைசேர்ப்பது தோணி. அஃதாவது பெருங்கலம் துறைக்கு வெளியே நிற்கும், சரக்கு இறங்கித் தோணியேறும், தோணி கரையேறும். சேரநாட்டுக் கழிமுகங்கள் மணல்திட்டு நிறைந்தவையாதலின் இது வேண்டியதாயிற்று. இனி 30-ஆம் பாட்டு. நலங்கிள்ளியைப் பாடிய உறையூர் முதுகண்ணன் சாத்தனார், பாய்மரத்தையும் பாயையும் களையாமலும் மேற்பாரத்தைக் குறைக்காமலும் ஆற்றுமுகத்துள் நேரே புகுந்த பெருங்கலத்தைச் சொல்கின்றார். இது வெறும் வருணனை அன்று. களைவதும் குறைப்பதுமே வழக்கமாக இருந்தாலன்றிக் களையாமையையும் குறையாமையையும் எடுத்துரைக்கும் தேவை புலவர்க்கு இராது. முசிறியின் தோணியை அறிந்தார்க்கே புகாரின் ஆழம் பெருமையாகப் புலப்படும். இவ்விரு பாட்டையும் தனித்தனியே பாடஞ்சொல்லும் நாம் இத்தொடர்பைக் காட்டாது விடுகின்றோம்.

வங்கம் என்பது நெடுங்கடற் செலவுக்குரியது. மதுரை மருதன் இளநாகனார் அகநானூறு 255-இல் தலைவன் ஏறிச்சென்ற வங்கத்தை, உலகமே பெயர்ந்து எழுந்தாற்போன்ற பேருருவினதாக, இரவும் பகலும் ஓரிடத்தும் தங்காது காற்று உந்தச் செல்வதாகக் கூறுகின்றார். நீகான் கலங்கரை விளக்கின் ஒளி கண்டு திசை செலுத்துகின்றான். மணிமேகலையில் ஆதிரையின் கணவன் சாதுவன் ஏறிச்சென்ற மரக்கலம் உடைந்து அவன் ஒடிந்த மரத்தைப் பற்றி நாகர் நாட்டில் ஒதுங்குவதும் நெடுஞ்செலவின் இடர்தான். திமில் மீன்பிடிப்போர்க்கு உரியது. நெய்தற் பாடல்களில் அது வரும் இடங்கள் பலவாதலின் விரிக்கவில்லை. புணை நீராட்டுக்கும் ஆறு கடத்தற்கும் உரியது. கோவலனும் கண்ணகியும் வையையைக் கடந்தது மரப்புணையில். அத்துறையில் அவர்க்கு முன் நின்றவை குதிரைமுகம், யானைமுகம், சிங்கமுகம் கொண்ட அம்பிகள். முகப்பில் விலங்குருவம் செதுக்கும் வழக்கம் ஆற்றுக்கலத்துக்கே இருந்ததை இளங்கோவடிகள் காட்டுகின்றார். இம்முகங்களைக் கொண்டு யானைமுகக் கப்பல் படை, சிங்கமுகக் கப்பல் படை என்று யாரேனும் நாளை ஒரு பட்டியல் எழுதாதிருப்பாராக.

இத்தொழில்வழிப் பாகுபாடு புலவர் கற்பனை அன்று என்பதற்குப் புறச்சான்றும் உண்டு. கி.பி. முதல் நூற்றாண்டில் கிரேக்க மொழியில் எழுதப்பட்ட பெரிப்புளூசு என்னும் கடல்வழி நூல், கமரா, பொதுகே, சோபட்மா என்னும் கீழைக்கரைத் துறைகளைக் குறிப்பிட்டு, அங்கு மூவகைக் கலங்கள் இருந்தன என்கின்றது. கரையோரமாக மேலைக்கரை வரை செல்வன ஒருவகை. பெருமரங்களைப் பிணைத்துச் செய்த சங்கரா மற்றொரு வகை. கங்கை முகத்துக்கும் பொன்னாட்டுக்கும் செல்லும் மிகப்பெரிய கொலாந்தியோபொந்தா மூன்றாம் வகை. அதனை எழுதியவன் வணிகம் அறிந்தவன், புலவன் அல்லன். அவனும் கலங்களை அவை செல்லும் வழியும் செய்யும் பணியும் பற்றியே பிரித்தான். கமராவைக் காவிரிப்பூம்பட்டினம் எனவும், பொதுகேயைப் புதுச்சேரிக்கு அருகிலுள்ள அரிக்கமேட்டுப் பகுதி எனவும், சோபட்மாவை மரக்காணம் எனவும் அறிஞர் பெரும்பாலும் கொள்வர்.

இனிப் பட்டியலுக்கு மீள்வோம். தரணி, லூலா என்னும் பெயர்கள் எங்கிருந்து வந்தன? தமிழில் தரணி என்றால் உலகம். கப்பலுக்கு உலகம் எனப் பெயரிடுவது விந்தையாகத் தோன்றவே, வடமொழியில் தேடினோம். அங்குத் தரணி என்பது கடப்பதற்குரிய ஓடம் எனவும் பொருள்படும். போசன் பெயரால் வழங்கும் யுக்திகல்பதரு என்னும் வடமொழி நூலில் கலவகை பற்றிய பகுதி ஒன்று உண்டு. இராதாகுமுத முகர்ச்சி 1912-இல் வெளியிட்ட இந்தியக் கப்பலியல் பற்றிய ஆங்கில நூல் அப்பகுதியைப் பரவலாக அறியச் செய்தது. அந்நூல் கலங்களைப் பொது, சிறப்பு என இரண்டாக்கும். சிறப்பு வகையை நெடியன, உயர்ந்தன என மீண்டும் இரண்டாக்கும். நெடியன பத்து: தீர்க்கிகா, தரணி, லோலா, கத்வரா, காமினி, தரி, சங்காலா, பிலாவினி, தாரிணி, வேகினி. நம் பட்டியலின் முதலிரு பெயர்களும் இங்கே அடுத்தடுத்து நிற்கின்றன! தரணியும் லோலாவும் இவ்வரிசையிலிருந்தே பெயர்ந்து, எவரோ ஒருவர் கைவழியே சோழர் கடற்படையுள் புகுந்தன என்பது எம் கருத்து. தற்செயல் ஒற்றுமை என்பார் இருப்பின், இரு பெயரும் அதே வரிசைமுறையில் வருவதற்கு அவர் காரணம் காட்டல் வேண்டும்.

இம்மூலத்தைக் கண்டபின் பட்டியலின் பொருத்தமின்மை மேலும் வெளிப்படுகின்றது. யுக்திகல்பதரு ஒவ்வொன்றுக்கும் முழக்கணக்கு தருகின்றது. தரணி 48 முழ நீளம், 6 முழ அகலம். லோலா 64 முழ நீளம், 8 முழ அகலம். நீளத்தில் எட்டிலொன்று அகலம், பத்திலொன்று உயரம் என்பது நெடிய கலங்கள் பத்துக்கும் பொது விதி. அந்நூற்படி லோலா தரணியினும் பெரிது. நம் பட்டியலோ தரணியைப் பெருங்கடற் போருக்குரிய நாசகாரி என்றும், லூலாவைத் துணைக்காவலுக்குரிய சிறிய கார்வெட் என்றும் மாற்றிக் கூறுகின்றது. பெயரைக் கடன்கொண்டவர் அளவைக் கொள்ள மறந்தார். வச்சிராவும் திரிசடையும் அப்பத்தில் இல்லை. உயர்ந்தன என்னும் வகையிலும் இல்லை. வச்சிரம் இந்திரன் படைக்கலம். திரிசடையை நாம் அசோகவனத்திற் சீதைக்கு ஆறுதல் கூறிய வீடணன் மகளாக அறிவோம்; அவள் கப்பலானது எப்போது என்பதைக் கம்பன் அன்பர்களே ஆராயட்டும்.

யுக்திகல்பதருவையே சோழர்க்குச் சான்றாகக் கொண்டால் என்ன என்று ஒருவர் வினவலாம். போசன் 11-ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் மாளவத்தை ஆண்டவன், இராசேந்திரனுக்குச் சமகாலத்தவன். காலம் ஒத்தது உண்மையே. ஆயின் மாளவம் கடலற்ற நாடு. அந்நூலின் அளவுமுறையோ கணக்கு நூலின் ஒழுங்குடையது. ஒவ்வொரு வகைக்கும் 16 முழம் கூட்டிக்கொண்டே செல்லும் அவ்வரிசையைப் பார்க்குந்தோறும், தச்சன் கைப்பட்ட மரத்தைக் காட்டிலும் எழுதுவோன் கைப்பட்ட எழுத்தாணியே நினைவுக்கு வருகின்றது. மேலும், போருக்குரிய கலத்தைப் பற்றி அந்நூல் கூறுவது இப்பெயர்களின் வழியன்று. அறைகளின் அமைப்பால் முழுதும் அறையுடையது, நடுவில் அறையுடையது, முன்புறத்தில் அறையுடையது எனக் கலங்களை அது மூன்றாக்கி, முன்புறத்து அறையுடையதையே நெடுஞ்செலவுக்கும் போருக்கும் உரியது என்கின்றது. ஆகவே அந்நூலைச் சான்றாகக் கொள்வாரும் தரணியையும் லோலாவையும் போர்க்கப்பல் என்றல் இயலாது.

நாசகாரி, பிரிகேட் என்னும் ஒப்பீடு இதனினும் தவறுடையது. நாசகாரி என்னும் கப்பல்வகை 1890-களில் பிரித்தானியக் கடற்படையில் தோன்றியது. டார்ப்பிடோ ஏவும் சிறு படகுகளைத் துரத்தி அழிப்பதற்கென்றே அது எழுந்தது. டார்ப்பிடோ இல்லாக் காலத்தில் நாசகாரிக்கு வேலை இல்லை. பிரிகேட்டும் கார்வெட்டும் பாய்மரக் காலத்தில் பீரங்கிகளின் தொகையும் அடுக்கும் பற்றிப் பிரிக்கப்பட்டன. பதினோராம் நூற்றாண்டுக் கீழைக்கடலில் கப்பற்பீரங்கி இல்லை. அக்காலக் கடற்போரின் நெஞ்சம், படைவீரரை மறுகரையில் இறக்குவது. மெய்க்கீர்த்தி கூறும் போர்கள் எல்லாம் கரையில் நிகழ்ந்தவை என்பதை மாணவர் ஊன்றிப் படித்தல் வேண்டும். அகழி, மதில், காவற்காடு, தோரணவாயில், யானைப்படை ஆகிய இவை கடல்நடுவே இருப்பன அல்ல. கலம் அங்கே ஊர்தி, படைக்கலன் அன்று.

இவ்வூர்தி யாருடையது? அரசன் தனக்கெனக் கட்டிவைத்த நிலைக்கடற்படையா, வணிகர் கலங்களை வேண்டும்போது திரட்டிக்கொண்டதா என்பது அறிஞரிடையே இன்னும் வாதத்துக்குரியது. நாகப்பட்டினத்திலிருந்து சொர்ணத்தீவு வரை என்னும் பொருளில் 2009-இல் சிங்கப்பூரில் வெளியான ஆங்கிலக் கட்டுரைத் தொகுதியில் பேராசிரியர் சுப்பராயலு சோழ அரசின் கடற்படை பற்றித் தனிக்குறிப்பு ஒன்று வரைந்துள்ளார். கல்வெட்டுச் சொற்களை எவ்வளவுக்கு நம்பலாம், எவ்விடத்து நிற்றல் வேண்டும் என்பதற்கு மாணவர் அதனைப் பயிலுதல் நன்று. சுமத்திராவின் பாரூசில் கிடைத்த 1088-ஆம் ஆண்டுத் தமிழ்க் கல்வெட்டு, திசையாயிரத்து ஐந்நூற்றுவர் என்னும் வணிகக் குழுவினருடையது. கலத்தின் தலைவனும் உடன்வருவோரும் பொன்னாகச் செலுத்த வேண்டிய கட்டணத்தை அது பேசுகின்றது. இராசேந்திரன் சென்ற அதே கடலில் அறுபது ஆண்டுகட்குப் பின் தமிழ் வணிகர் தம் கலங்களுக்குத் தாமே ஒழுங்கு வகுத்தனர் என்றால், அக்கடலில் கலம் நடத்தும் திறன் யாரிடம் இருந்தது என்பது ஊகிக்கத்தக்கது. மறுபுறம், இரண்டாம் இராசாதிராசன் காலத்துத் திருவாலங்காட்டுக் கல்வெட்டு, ஈழவேந்தன் பராக்கிரமபாகு ஊராத்துறை, மாதோட்டம், வல்லிகாமம் முதலிய இடங்களில் படை திரட்டி மரக்கலங்களும் செய்வித்தான் என்றும், அதனை முறியடிக்கச் சோழர் தரப்பு முயன்றது என்றும் கூறுகின்றது. படையெடுப்புக்கென்றே கலம் கட்டும் வழக்கம் அறியப்படாததன்று என்பதற்கு இது சான்று. இரண்டையும் தூக்கிப் பார்க்கையில், சோழர் வணிகர் கலத்தையும் கொண்டனர், வேண்டுமிடத்துப் புதிதும் கட்டினர் என்று கொள்வதே எமக்குப் பொருந்துவதாகத் தோன்றுகின்றது.

கலம் என்னும் சொல் கல்வெட்டில் எத்துணை இடர் தரவல்லது என்பதற்கு இராசராசன் காந்தளூர்ச் சாலையில் கலமறுத்த செய்தி ஒன்றே போதும். கலம் என்பதைக் கப்பல் எனக் கொண்டு, சேரர் கடற்படையை அழித்தான் என்றனர் முன்னோர் பலர். சாலை என்பதைக் கல்விக்கும் உணவுக்கும் உரிய அறநிலையமாகக் கொண்டார் கலம் என்பதற்கு வேறு பொருள் கண்டனர். கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளை இதுபற்றித் தனிநூலே எழுதினார். 866-ஆம் ஆண்டைச் சேர்ந்த பார்த்திவசேகரபுரச் செப்பேடு, மாணவர் பயிலும் சாலை ஒன்றைக் காந்தளூர் முறைமைப்படி நிறுவியமையைக் கூறுவது பின்னவர் கொள்கைக்கு வலுவளிக்கின்றது. ஒரு சொல்லின் பொருள் மாறினால் ஒரு கடற்போரே மறைகின்றது! அத்தகைய சொல்லின் மேல் நான்கு கப்பல்வகையையும் எட்டு அணிவகுப்பையும் ஏற்றிவைப்பது எவ்வாறு தாங்கும்?

புதினங்கள் இப்பட்டியலுக்கு எரு இட்டன என்பாரும் உளர். சாண்டில்யனின் கடல் புறாவைப் படித்து வளர்ந்த தலைமுறை எம்முடையது. அக்கப்பலை இன்றும் மனக்கண்ணில் காண்கின்றோம். ஆனால் புதினத்தின் மேல் பழி சுமத்துவது முறையன்று. அவர் தம் கதைத்தலைவனின் கப்பலுக்குப் பெயரிட்டார், கல்வெட்டுக்குப் பெயரிடவில்லை. கதையைக் கதையென்றே தந்தவர் அவர். சான்று காட்டாததைச் சான்றுடையது போலத் தந்தவர் நாம்.

பெரம்பலூர்ப் பகுதியிலிருந்து வரும் மாணவர் சிலர், ‘நமக்கும் கடலுக்கும் என்ன ஐயா?’ என்று கேட்பதுண்டு. சாத்தனூரில் 18 மீட்டர் நீளமுள்ள கல்மரம் ஒன்று கிடக்கின்றது. காரையில் நத்தை போற் சுருண்ட கடலுயிர்களின் கல்லுருக்கள் மண்ணோடு மண்ணாய் உதிர்கின்றன. ஏறத்தாழப் பத்துக்கோடி ஆண்டுகட்கு முன் இங்கே கடல் இருந்தது. அக்கடலில் கலம் செலுத்த மக்கள் இலர். பிற்காலத்தே மக்கள் இருந்தனர், கடல் இல்லை; கொள்ளிடத்து ஓடமும் பரிசலும் இருந்தன. கங்கைகொண்ட சோழபுரத்து மாளிகைமேட்டு அகழாய்வில் சீனப் பீங்கான் ஓடுகள் கிடைத்துள்ளன. அவை கடல் கடந்து ஏதோ ஒரு பெருங்கலத்தில் வந்து, ஏதோ ஒரு துறையில் தோணிக்கு மாறிக் கரையேறி, அரண்மனைக்குள் வந்திருத்தல் வேண்டும். முசிறியில் பரணர் கண்ட தொழிற்பங்கீடே இங்கும். அவ்வோட்டுத் துண்டு நான்கு பெயர்களைக் காட்டிலும் மிகுதியாகப் பேசுகின்றது.

கொள்ளிடக் கரையிலுள்ள திருமழபாடிக் கோயில் செய்தி ஒன்றைக் குறிப்பிட்டு அமைகின்றேன். அக்கோயில் விமானத்தைப் பிரித்துப் புதிதாகக் கட்ட இராசராசன் தன் 28-ஆம் ஆட்சியாண்டில் ஆணையிட்டபோது, பழைய சுவரில் இருந்த கல்வெட்டுகளைப் புத்தகத்தில் படியெடுத்த பின்னரே இடிக்க வேண்டும் என்று பணித்தான். இராசேந்திரன் காலத்தில் அவை புதிய சுவரில் மீண்டும் பொறிக்கப்பட்டன. எம் மாணவரிடம் இச்செய்தியைக் கூறி, கடற்படை பற்றிய இயலைத் திருப்பித் தந்தோம். பதினொரு பக்கம் இருந்த இயல் மூன்று பக்கமாகச் சுருங்கி வந்தது. மெய்க்கீர்த்தியின் கலச்செய்தி, நப்பசலையார் பாட்டு, பரணர் பாட்டு, பாரூசுக் கல்வெட்டு, மாளிகைமேட்டு ஓடு ஆகியவை மட்டுமே அதில் உள. பக்கம் போதாது என்று தேர்வாளர் குறை கூறுவாரோ என்று அவர் அஞ்சுகின்றார். கூறின் விடையிறுக்கும் பொறுப்பு எம்முடையது.